ஆன்டெனாவில் பழுதில்லை

என் மகள் எண்களை இட்டுக்கட்டினாள் என்று, நான் இல்லாத ஓர் அறையில், வாய்மொழித் தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அதே அறையில் அவளுடைய துறைத்தலைவரும் உட்கார்ந்திருந்தார். அவளுடைய ப்ராஜெக்டுக்கு வழிகாட்டியும் அவர்தான். கல்லூரி மொட்டைமாடியில் ஆன்டெனாவை எங்கே வைக்க வேண்டும் என்று கை நீட்டிக் காட்டியவர், வாராவாரம் அவள் கொண்டுபோன வரைபடங்களைப் பார்த்துத் தலையசைத்தவர். அவர் வாயைத் திறக்கவில்லை.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மறந்துவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். மறக்க வேண்டியவள் நானா?

நான் ஹைதராபாத்தில் பாலாநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் விமான ரேடியோக்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். மின்னணுவியலில் டிப்ளமா. சொந்த ஊர் தூத்துக்குடி. என் கணவரும் அதே தொழிற்சாலையில் வேறு பிரிவில் இருந்தார். மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் ஆரம்பித்து, ஹிந்தியில் திரும்பி, ஆங்கிலத்தில் முடிப்பாள்.

எங்கள் சோதனைப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு அளவு கோணலாக வந்தால் அதை அடித்துவிட்டு வேறு எழுதக் கூடாது. முதலில் மீட்டரை மாற்ற வேண்டும். நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த இன்னொரு மீட்டரை வைத்து அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெட்டி சரியில்லை என்றோ மீட்டர் சரியில்லை என்றோ வாய் திறக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைப் பழக்கிவிடுவார்கள். பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியும் என்று எனக்கு அப்போது தோன்றியதில்லை.

மகள் ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டது அயனிமண்டலம். பெயர் மிரட்டினாலும் எனக்கு அது பழகிய விஷயம். தலைக்கு வெகு உயரத்தில், காற்று மிகவும் மெலிந்துபோன இடத்தில், வெயில் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எடுத்துவிடுகிறது. எங்கள் சிற்றலை ரேடியோக்கள் தூரத்து விமானங்களோடு பேசுவது அந்த அடுக்கில் பட்டுத் திரும்பித்தான். காலையில் அது வளரும், பகலில் தடிக்கும், இரவில் மெலியும். சூரியனில் கொந்தளிப்பு என்றால் அதுவும் கொந்தளிக்கும், சூரியன் அடங்கினால் அதுவும் அடங்கும். எஜமான் மேலே இருக்கிறான் என்றுதான் நாங்கள் எல்லாரும் படித்தோம்.

அவளுடைய வேலை, எலக்ட்ரான்கள் எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் அளப்பது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் இரண்டு அலைவரிசைகளில் சமிக்ஞை அனுப்புகிறது. இரண்டும் ஒன்றாகக் கிளம்பினாலும் ஒன்று சற்றுத் தாமதித்து வந்து சேரும். வழியில் எலக்ட்ரான்கள் கூடினால் அந்தத் தாமதமும் கூடும். மொட்டைமாடியில் ஆன்டெனா, அதிலிருந்து ஒரு கேபிள், கீழே ஆய்வகத்தில் ஒரு ரிசீவர், ஒரு பழைய கம்ப்யூட்டர். அவ்வளவுதான். 

அந்தக் குளிர்காலத்தில் சூரியன் முகத்தில் ஒரு கரும்புள்ளிகூட இல்லாமல் அயர்ந்து கிடந்தது. இங்கே மென்பொருள் கம்பெனிகளும் அயர்ந்து கிடந்தன. மாதாப்பூரில் ஒரு கம்பெனி அவளைக் கல்லூரியிலேயே தேர்ந்தெடுத்திருந்தது. ஆனால் முந்தைய வருஷத்துப் பிள்ளைகளையே இன்னும் சேர்க்கவில்லை. யாராவது ஒருவருக்கு ஒரு பாடம் நிலுவை என்றால் போதும், வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைத்துவிடும். வீட்டில் நாங்கள் அந்த ப்ராஜெக்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உண்மையில் இந்த வேலையைப் பற்றித்தான் பேசினோம்.

சங்கராந்தி சமயத்தில் ஹைதராபாத் மொட்டைமாடிகளில் கால் வைக்க இடம் இருக்காது. எல்லாம் பட்டம். அறுந்து வந்த ஒரு பட்டத்தின் மாஞ்சா நூல் அவளுடைய கேபிளில் சுற்றிக்கொண்டுவிட்டது. கண்ணாடித்தூள் பூசிய நூல் அல்லவா, கேபிளின் மேலுறையில் ஒரு கீறல். அவள் நூலை எடுத்துப் போட்டுவிட்டு, இன்ன நாளில் மாஞ்சா சுற்றியிருந்தது, எடுத்துவிட்டேன் என்று அறிக்கையிலும் எழுதினாள். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எழுதாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

பட்டங்கள் ஓய்ந்து, ஜனவரி முடியப் போகும் நேரத்தில் அவளுடைய வரைபடம் விநோதமாகியது. முற்பகலில் எலக்ட்ரான்கள் வழக்கத்தைவிட மிக அதிகம். மத்தியானத்துக்கு மேல் வழக்கத்தைவிட மிகக் குறைவு. மறுநாளும் அதே மேடு, அதே பள்ளம், ஆனால் சற்றுத் தாமதமாக. அதற்கு மறுநாள் இன்னும் தாமதமாக. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

"எங்கியாவது கனெக்டர் லூசா இருக்கும். பாரு," என்றேன்.

"பார்த்தேன்மா. ஏம் லேது." ஒன்றுமில்லையாம்.

சில நாட்களில் அது தானாகவே அடங்கியது. ஆன்டெனா அதே ஆன்டெனா, கேபிள் அதே கேபிள். அவள் எல்லா நாட்களையும் அப்படியே அறிக்கையில் வைத்தாள்.

வாய்மொழித் தேர்வு ஏப்ரலில் நடந்தது. மதியம் அவளுக்குப் போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி செய்தேன். பிறகு அவளுடைய தோழிக்குச் செய்தேன்.

"ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண், குரலைத் தணித்து. "அவளை ரொம்பத் திட்டிட்டாங்க. மால்ப்ராக்டீஸ்னு சொல்றாங்க. அழுதுட்டே வெளில போனா. எங்கன்னு தெரியல."

அனுமதிகூடக் கேட்காமல் வேலையிலிருந்து கிளம்பினேன். கல்லூரி ஊருக்கு வெளியே, பாறைகளுக்கு நடுவில். ஆட்டோவில் அந்த வழி முழுவதும் என்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன். இந்த ஊர்ச் செய்தித்தாள்களில் மாணவர்களைப் பற்றி வரும் சில செய்திகளை நான் தலைப்போடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அந்தத் தலைப்புகள் எல்லாம் வரிசையாக வந்தன. வாசலில் காவலாளியிடம் அவள் பெயரைச் சொன்னேன்.

"டெர்ரஸ் சாவி வாங்கிட்டுப் போச்சு அம்மா, அந்தப் பொண்ணு," என்றார் அவர், சாதாரணமாக.

அந்தப் படிகளை நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது. கைப்பிடிச் சுவர் சூட்டில் உள்ளங்கை காந்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இன்றுகூட மாடிக்குத் துணி காயப்போட நான் போவதில்லை, என் கணவர்தான் போகிறார். 

தண்ணீர்த் தொட்டியின் நிழலில், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, மடியில் மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருந்தாள். கேபிளைக் கழற்றி விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி!"

நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "அம்மா? இங்க எப்படி?"

"போன என்னட்டி பண்ணின?"

"பேட்டரி அயிப்போயிந்தி." தீர்ந்துவிட்டதாம்.

"அயிப்போயிந்தியா? எனக்கு உயிரே அயிப்போயிந்தி! கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா? நீ பாட்டுக்கு இங்க வந்து வயரத் தடவிட்டு இருக்க?"

"ஏன் அழுற? நக்கோ மா." வேண்டாம் என்பதற்கு அவளுக்கு எப்போதும் நக்கோதான். எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். நான் என்ன பயந்தேன் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். முகம் மாறியது. பிறகு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, கேபிளை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். "பாரு. கீறல் மேல் தோல்லதான். உள்ள ஒண்ணும் ஆகல. கன்டின்யூட்டி சரியா இருக்கு."

தன்னைத் திருடி என்று சொன்னவர்கள் ஒருவேளை சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்று சரிபார்க்க வந்திருக்கிறாள். அழுதுகொண்டே சாவி வாங்கியிருக்கிறாள். எனக்கு அவர்கள்மேல் வந்த கோபம் அந்த இடத்தில்தான் பிறந்தது. இன்னும் போகவில்லை.

அங்கேயே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த ஜனவரி நாட்களின் வரைபடத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

"இயற்கை இவ்வளவு ஒழுங்கா நடக்காது. ஒரு நாள் கணக்கை எக்ஸெல்ல காப்பி பண்ணி, கொஞ்சம் கீழே இழுத்து ஒட்டினா இப்படித்தான் வரும். தினமும் அதே அளவு தள்ளிப் போகுது பாருங்க," என்றிருக்கிறார். "இந்த ஊர்ல இப்ப எல்லாருக்கும் கணக்கு எழுதுற கலை வந்திடுச்சு."

அந்த வருஷம் இங்கே ஒரு பெரிய கம்பெனியின் கணக்கே பொய் என்று வெளிவந்திருந்தது. பஸ்ஸில், கேன்டீனில், காய்கறிக் கடையில், எங்கு போனாலும் பொய்க் கணக்கு என்பதுதான் பேச்சு. யாரோ பெரியவர்கள் செய்ததற்கு, கேபிளில் மாஞ்சா சுற்றியதைக்கூட மறைக்காத என் மகள் மேல் சேறு.

"சூரியன் தூங்குது. மேலே ஒண்ணும் நடக்கல. பிறகு இது எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டிருக்கிறார்.

"கீழேயிருந்து சார்," என்றிருக்கிறாள் இவள்.

"கீழேயிருந்தா? எங்கே, உங்க கேன்டீன்லேருந்தா?"

துறைத்தலைவர் சிரித்தாராம். அவர் வாயைத் திறக்கவில்லை என்று மேலே எழுதினேன். திருத்திக்கொள்கிறேன். சிரிப்பதற்குத் திறந்தார்.

"தெனம் எவ்வளவு தள்ளிப் போகுது?" என்று கேட்டேன்.

"முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல."

கடற்கரையில் வளர்ந்தவளுக்கு அதைக் கேட்டதும் வேறு எதுவும் தோன்றாது. "ஏட்டி, ஏத்தம் வத்தம் மாதிரில்லா இருக்கு? கடல்ல ஏத்தம் இன்னைக்கு வந்த நேரத்துக்கு நாளைக்கு வராது, அவ்வளவுதான் பிந்தும். இது நிலாக் கணக்குல்லா?"

"அதேமா! நான் அதான் சொன்னேன். வினலேது." அவர்கள் காது கொடுக்கவே இல்லை.

கடலுக்கு ஓதம், அந்த ஏத்தமும் வத்தமும், இருப்பதுபோலக் காற்றுக்கும் ஓதம் உண்டு. அதில் நிலா இழுப்பது சிறு பங்கு, வெயில் செய்வதுதான் பெரும் பங்கு. பகலில் காற்றிலுள்ள ஈரமும், அதற்கு மேலே ஓசோனும் வெயிலைக் குடித்துச் சூடாக, காற்று முழுவதும் பொங்குகிறது, இரவில் அமுங்குகிறது. அந்த அசைவு அலையாக மேலே ஏறுகிறது. உயரம் போகப் போகக் காற்று மெலிவதால் அலை பெருத்துக்கொண்டே போகிறது. தரையில் இருக்கும் நமக்கு உறைக்கவே உறைக்காத ஓர் அசைவு, அயனிமண்டலத்தின் அடிவாரத்தைத் தொடும்போது பெருங்காற்றாகிவிடுகிறது. அந்தக் காற்று மின்னேற்றமுள்ள வாயுவைப் பூமியின் காந்தப்புலத்துக்குக் குறுக்கே தள்ளும்போது மின்சாரம் பிறக்கிறது, சைக்கிள் டைனமோவில் பிறப்பதுபோல. அந்த மின்சாரம் காந்த நடுக்கோட்டுக்கு மேலே எலக்ட்ரான்களை உயரத் தூக்குகிறது. தூக்கப்பட்டவை வடக்கிலும் தெற்கிலும் சரிந்து இறங்குகின்றன, நீரூற்றுப்போல. காந்த நடுக்கோடு எங்கள் தூத்துக்குடிப் பக்கமாகத்தான் போகிறது. அங்கே எழும்புவது சரிந்து இறங்கும் வழியில் ஹைதராபாத் இருக்கிறது. கீழே ஓதம் மாறினால் மேலே அந்த ஊற்றின் நேரமும் உயரமும் மாறும். சூரியன் தூங்கினாலும் மாறும். சூரியன் கொந்தளிக்காமல் இருப்பதால்தான் கீழேயிருந்து வருவது தெளிவாகத் தெரியும்.

இவ்வளவு கோவையாக அன்று அவள் சொல்லவில்லை. நூலகத்தில் படித்த சில பக்கங்களும் ஒரு சந்தேகமும்தான் அவளிடம் இருந்தன. ஆனால் கேள்வி சரியான கேள்வி. அதற்குப் பதில் கேன்டீன்.

அன்று சாயங்காலம் வீட்டில் என் கணவர் அவளிடம் தணிந்த குரலில் பேசினார். "தப்பு நடந்துட்டுன்னு சொல்லிட்டு வந்துருட்டி. டிகிரி கைக்கு வரட்டும்."

"எது தப்புப்பா? நானா, ஆன்டெனாவா?"

"ஆன்டெனான்னு சொல்லு. அதுக்கு என்ன, வலிக்கவா போகுது?"

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் துறைத்தலைவர் எங்களை வரச் சொன்னார். நானும் மகளும் போனோம். மனிதர் மென்மையாகப் பேசுபவர். தெலுங்கும் ஆங்கிலமுமாக, ஏதோ எங்களுக்கு உதவி செய்வதுபோலத்தான் ஆரம்பித்தார். "சூடண்டி மேடம், பாருங்க, நல்ல பொண்ணு. ஃபியூச்சர் கெடக் கூடாது. அந்தச் சில நாட்களை எடுத்திடட்டும். பட்ட நூல் பட்டு ஆன்டெனாவில் பழுதுன்னு ஒரு வரி எழுதட்டும். அவளேதான் நூல் சுத்தியிருந்ததுன்னு எழுதியிருக்காளே. நான் வெளித்தேர்வாளர்கிட்ட பேசிக்கறேன். அடுத்த வாரம் பாஸ்."

"ஆன்டெனா கெட்டதுன்னா மத்த நாளும் கெட்டதுதானே சார்?" என்றாள் மகள். "அப்ப எல்லா நாளையும் எடுத்துடவா?"

"ஜாஸ்தி பேசாதம்மா."

"அந்த அலமாரில இன்னொரு ரிசீவர் இருக்கே சார். ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒரு நாள் ஓட்டலாம். ஜனவரி திரும்பி வராது. ஆனா என் ஆன்டெனா பொய் சொல்லுதா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

அவருடைய நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. அதில் பளபளவென்று ஒரு ரிசீவர். தசராப் பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு நெற்றியில் அப்படியே இருந்தது. மேலே காய்ந்துபோன செவ்வந்தி மாலை.

"அது இன்ஸ்பெக்ஷனுக்கு," என்றார்.

"இன்ஸ்பெக்ஷனுக்குன்னா?" என்று கேட்டேன்.

"காலேஜைப் பார்வையிட டீம் வரும் இல்லையா மேடம். அவங்களுக்குக் காட்டணும். புதுசா இருக்கணும்." பிறகு என்னை நன்றாகப் பார்த்தார். "மேடம் எங்க வேலை பாக்கறீங்க?"

"பாலாநகர்ல. ஃபேக்டரி. டெஸ்டிங்."

"ஓ, ஃபேக்டரி." புரிந்தவர்போலத் தலையை ஆட்டினார். "அங்க ஸ்க்ரூ முடுக்கற மாதிரி இல்ல மேடம் இது. ரிசர்ச்."

"எங்க ஸ்க்ரூ லூசா இருந்தா ஆள் செத்துப் போவான் சார். அதனால மாத்தி வெச்சுப் பாத்துட்டுத்தான் நாங்க பேசுவோம். அதை எடுங்க."

"சாவி ஸ்டோர்காரர்கிட்ட. அவர் லீவு."

"சாவி காலண்டர் ஆணில தொங்குது சார்," என்றாள் என் மகள், ரொம்ப மரியாதையாக.

அவர் காலண்டரைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் நான் எழுந்து சாவியை எடுத்துவிட்டேன். அப்படியெல்லாம் செய்கிறவள் அல்ல நான். மேலதிகாரி அறையில் உட்காரச் சொன்னால்கூட நாற்காலி விளிம்பில் உட்காருகிறவள். அலமாரியைத் திறந்து ரிசீவரை இரண்டு கையாலும் தூக்கினேன். தூக்கிய வேகத்தில் அது என் மோவாயில் வந்து இடித்தது. அவ்வளவு லேசு. உள்ளே ஒன்றுமில்லை. முன்பக்கம் விளக்கும் பொத்தானும், பின்பக்கம் தகரம். திருகுகள்கூடப் பாதி இல்லை. வெறும் கூடு. காய்ந்த செவ்வந்தி இதழ்கள் உள்ளே சலசலத்தன.

மகள் முதலில் பெட்டியைப் பார்த்தாள், பிறகு அவரை.

"போர்டு ரிப்பேருக்குப் போயிருக்கு," என்றார்.

"எப்ப போச்சு சார்?" என்று கேட்டேன்.

பார்வையிட வந்த குழுக்களுக்கு எல்லாம் இந்தக் கூட்டைத்தான் காட்டியிருக்கிறார்கள். பொட்டு வைத்து, மாலை போட்டு. என் மகள் எண்களை இட்டுக்கட்டினாள் என்று சிரித்தவர்களின் அலமாரியில் இது உட்கார்ந்திருந்தது.

"உட்காருங்க மேடம். டீ சொல்றேன்," என்றார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக முடிந்தது. மறுதேர்வு இல்லை, விசாரணை இல்லை. அந்த நாட்களை மட்டும் அறிக்கையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். அவருடைய கண்ணெதிரே அவருடைய கம்ப்யூட்டரிலேயே எடுத்தாள். ஆன்டெனாவில் பழுது என்ற வரியை எழுத மாட்டேன் என்றாள். "ஓகே, ஓகே, நத்திங்," என்றார். அந்தக் காலிப் பெட்டியைப் பற்றி நான் வெளியே பேசிவிடுவேனோ என்ற பயத்தில் அவளுக்குத் தேர்ச்சி கிடைத்தது. அவள் சொன்னது உண்மை என்பதற்காகக் கிடைக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது இரண்டே வார்த்தை: ஆன்டெனாவில் பழுதில்லை. அதை யாரும் சொல்லவில்லை.

அவள் வேலையில் சேர்ந்தாள். மேலே படிக்கலாமே என்று கேட்டதற்கு, "நக்கோ மா," என்றதோடு சரி. மாதாப்பூரில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை. என்னைப்போலவே டெஸ்டிங் என்று சொல்லிச் சிரிப்பாள். வானத்தைப் பற்றி அவள் பேசி நான் கேட்கவில்லை.

சில வருஷங்களில் நாங்கள் கொண்டாப்பூரில் ஃப்ளாட் வாங்கிக் குடிபோனோம். அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில், நான் வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒருவர் தள்ளுவண்டியை நிறுத்தினார்.

"மேடம்! பாகுன்னாரா?" நலமா என்று அவ்வளவு சந்தோஷமாக விசாரித்தார். அதே துறைத்தலைவர். தலை நரைத்திருந்தது. "உங்க பொண்ணு சொன்னது கரெக்ட் மேடம்! அது கீழேயிருந்துதான். அந்த ஜனவரியில வட துருவத்துக்கு மேலே, மேகத்துக்கெல்லாம் மேலே, ஆனா அயனோஸ்பியருக்கு ரொம்பக் கீழே, காற்று திடீர்னு சூடாயிருக்கு. அதனால நிலாவோட ஓதம் பெரிசாயி, இங்க நம்ம தலைக்கு மேலே அயனோஸ்பியர் வரைக்கும் ஆட்டிடுச்சு. உலகம் பூரா இப்ப அதைத்தான் படிக்கிறாங்க. வெரி இன்ட்ரஸ்டிங்!"

மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். என் கையில் வெண்டைக்காய் இருந்தது. அந்தப் படிகள், காந்திய உள்ளங்கை, தொட்டி நிழலில் துப்பட்டா, எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. அவருக்கு வெரி இன்ட்ரஸ்டிங்.

"அந்த நாள் ஃபைல் எல்லாம் அவகிட்ட இருக்குமா மேடம்?" என்று கேட்டார். "எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் அப்போ வேற யார்கிட்டயும் ரிசீவர் ஓடல. இப்ப நாங்க ஒரு ப்ராஜெக்ட் பண்றோம்."

"நீங்கதானே சார் அழிக்கச் சொன்னீங்க?"

"ரிப்போர்ட்லேர்ந்துதான் மேடம். ஒரிஜினலை யாராவது அழிப்பாங்களா?" என்று என்னைத் திருத்தினார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "ஹவ், இருக்கு," என்றாள், ஆமாம் என்பதற்கு அவள் அப்படித்தான் சொல்வாள். "சிடில போட்டு வெச்சேன்."

"குடுக்கக் கூடாது."

"ஏன்மா?"

"ஏனா? கேன்டீன்னு சிரிச்சாம்லா! இப்ப கையேந்திட்டு வாரான். ஒரு மன்னிப்பு கேட்டானா?"

"குடுத்துட்டுப் போவியா, இன்னும் எத்தன காலத்துக்குத் தூக்கிச் சுமக்கப் போற?" என்று என் கணவர் உள்ளேயிருந்து என்னைத்தான் கேட்டார்.

மகள் அந்தச் சிடியைத் தேடி எடுத்துவந்தாள். "வரச் சொல்லு. அந்த நாளெல்லாம் நிஜமாத்தான் வந்துச்சு. என் சிடில பூட்டி வெச்சா அந்தக் கண்ணாடி அலமாரி மாதிரி ஆயிடும்மா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். பென் டிரைவ் கொண்டுவந்திருந்தார். காப்பி கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை, அதுவும் எரிச்சலாக இருந்தது. மகள் லேப்டாப்பைத் திறந்து அந்த வரைபடத்தைக் காட்டினாள். காலை மேடும் மத்தியானப் பள்ளமும் நாளுக்கு நாள் சரிந்து நகர்ந்துகொண்டே போயின. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எவ்வளவு அழகா இருக்கு," என்றார். நடிக்கவில்லை. நிஜமாகவே சொன்னார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அப்போ ஆன்டெனா சார்?"

"எந்த ஆன்டெனா?"

ஒரு கணம் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவருக்கு ஞாபகமே இல்லை. மாஞ்சா, பழுது, காலிப் பெட்டி, அழுதுகொண்டு வெளியே போன பெண், எதுவும் ஞாபகம் இல்லை. நான் இத்தனை வருஷம் எரிந்துகொண்டிருந்தது அவருடைய ஒரு நாளில் டீ குடிக்கிற நேரம்கூட இல்லை.

மகள் என்னைப் பார்க்கவில்லை. பென் டிரைவைச் செருகி, ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போட்டிருக்கேன். பேரை மாத்திடாதீங்க. என் ப்ரோக்ராம் ஒவ்வொரு தடவையும் அந்தப் பேரைத் தேடித்தான் ஃபைலை எடுக்கும். மாத்தினா ஓடாது. சரியா இருக்கான்னு ஒரு தடவை படிச்சுச் சொல்லுங்க."

அவர் குனிந்து, திரையில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிற பிள்ளைபோல நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"ஆன்டெனா... நோ... ஃபால்ட்." நிமிர்ந்தார். "ஓகேம்மா. கரெக்ட்."

"தேங்க்யூ சார்," என்றாள் மகள். என் பக்கம் இப்போதும் திரும்பவில்லை, ஆனால் மேஜைக்கு அடியில் அவள் கால் என் காலை மிதித்தது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, பிஎச்.டி சேருகிற எண்ணம் உண்டா என்று அவளைக் கேட்டார். 

"நக்கோ சார்," என்றாள்.

லிஃப்ட் கதவு மூடியது. நான் அவருடைய காப்பி டம்ளரை எடுத்துப்போய்க் கழுவினேன். தேவைக்கு அதிகமாகவே தேய்த்தேன்.